முழம், யார், மீற்றர்

வணக்கம். துணி அளவுக் கணக்கைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாற்பது வருடமாகத் தையல் மெசினோடு இருப்பவள் நான். இந்தக் கணக்கில் எனக்குத் தீராத ஆசை.

வானொலியில் படம் காட்ட முடியாது. சரி, உங்கள் கையையே பாருங்கள். கையை விரித்தால் பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண். ஏறத்தாழ 9 அங்குலம். இரண்டு சாண் ஒரு முழம், இரண்டு முழம் ஒரு யார், அதாவது 36 அங்குலம். எட்டு முழ வேட்டி நாலு யார் ஆவது இப்படித்தான். கொட்டாஞ்சேனையில் என் அம்மம்மா துணியின் ஒரு முனையை மூக்கு நுனியில் பிடித்து, மறு கையை நீட்டி ஒரு யார் அளப்பார். பிறகு டேப் வைத்துப் பார்த்தால் அரை அங்குலம்கூடப் பிசகாது.

ஆங்கிலேயத் துணி வியாபாரிகள் ஒரு யாரை நாலாகப் பிரித்து 'குவாட்டர்' என்றார்கள். 9 அங்குலம், நம்முடைய சாணேதான்! அதையும் நாலாக்கினால் 'நெயில்', இரண்டேகால் அங்குலம். யாரில் பதினாறில் ஒரு பங்கு. அதற்கு நம்மிடம் வீசம் என்று பேர் இருக்கிறது. வீட்டில் ஒரு யார் துணி இருந்தால் மடித்துப் பாருங்கள். முதல் மடிப்பில் அரை, அடுத்ததில் கால், பிறகு அரைக்கால், நாலாவது மடிப்பில் வீசம். டேப்பே வேண்டாம், நெயில் கையில் வந்துவிடும். சென்ரிமீற்றரில் 5.715.

இந்த 5.715 எங்கிருந்து வந்தது? 1959இல் பிரிட்டன், அமெரிக்கா உட்பட ஆறு நாடுகள் ஒத்துப்போய், ஒரு யார் என்றால் 0.9144 மீற்றர் என்று நிறுத்தின. அப்போது ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்ரிமீற்றர். இந்த 2.54 ஒன்றை மனதில் வையுங்கள், போதும்.

ஒரு தடவை கோயில் பாடகர் குழுப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க 20 யார் துணி வேண்டியிருந்தது. புறக்கோட்டைக் கடையில் ஒரு யாருக்கு 90 சென்ரிமீற்றர் என்று கணக்குப் போட்டு 18 மீற்றர் வெட்டினார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். உண்மையில் 18.288 மீற்றர் வேண்டும். யாருக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர்கூடக் குறையவில்லை, ஆனால் இருபது யாரில் 11 அங்குலத்துக்கு மேல் போய்விட்டது. கடைசிப் பிள்ளையின் கைகளுக்குத் துண்டு பொருத்தித் தைத்தேன். அந்தப் பிள்ளை பாடும்போது என் கண் அந்த ஒட்டிலேயே நின்றது. அதனால் திரும்பவும் சொல்கிறேன்: முதலில் எல்லாவற்றையும் அங்குலத்திலேயே கூட்டுங்கள். கடைசியில் ஒரே ஒரு தரம் 2.54ஆல் பெருக்குங்கள். இடையில் முழு எண்ணாக்க வேண்டாம்.

தையலுக்கு வெளியே விடும் விளிம்பிலும் இதே கதைதான். எட்டில் ஐந்து அங்குலம் 15.875 மில்லிமீற்றர். துணி வெட்டுவதற்கான பல கடதாசிப் பற்றன்களில் அது 15 என்று அச்சாகியிருக்கும். சாறிச் சட்டையின் இரண்டு பக்கத்திலும் நாலு ஓரம் சேர்ந்தால் மூன்றரை மில்லிமீற்றர் வித்தியாசம்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். 'எல்' என்ற பழைய அளவைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். ஆங்கில எல் 45 அங்குலம், பிளெமிஷ் எல் 27 அங்குலம், நம் கணக்கில் ஐந்து சாணும் மூன்று சாணும். பொத்தானின் அகலத்தை 'லைன்' கணக்கில் சொல்வார்கள், 40 லைன் ஓர் அங்குலம். வணக்கம்.