மீனின் கல்லீரல் செல்களிடம் கேட்கும் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவில் கிளியர் லேக் என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு சின்னப் பூச்சி அந்த ஏரிக்கரையில் கூட்டங்கூட்டமாக மொய்க்கும். தூண்டில் போட வருகிறவர்களுக்கும் கரையில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கும் அது பெரும் தொல்லை. 1949இல் அதை ஒழிப்பதற்காக, டி.டி.டி. குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூச்சிக்கொல்லியை ஏரித் தண்ணீரில் கலந்தார்கள். அளவில் எச்சரிக்கையாகத்தான் இருந்தார்கள். ஏழு கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து. பூச்சி மறுபடி தலைகாட்டியதும் 1954இலும் 1957இலும் ஐந்து கோடிக்கு ஒன்று என்று கூட்டினார்கள். 1954 குளிர்காலத்திலேயே முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கும் மேல் செத்துப்போயின. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. பிற்பாடு அந்தப் பறவைகளின் கொழுப்பைச் சோதித்தபோது, பத்து லட்சம் பங்கில் 1,600 பங்கு அந்த மருந்து இருந்தது. தண்ணீரில் போட்ட அளவைப் போல 80,000 மடங்கு.

மருந்து எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது இன்று பள்ளிக்கூடப் பாடம். நீரில் மிதக்கும் நுண்ணுயிர், அதைத் தின்னும் சிறு மீன், அதைத் தின்னும் பெரிய மீன், கடைசியில் பறவை. நான் பேச வந்தது அதற்கு முந்தைய கேள்வியைப் பற்றி. ஒரு புதிய வேதிப்பொருள் ஆலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, அது உயிர்களின் உடம்பில் சேர்ந்து தங்குமா தங்காதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

இந்தக் கேள்வியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததில் ஜப்பான் முன்னோடி. 1968இல் அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் இருந்த ஒரு தவிட்டெண்ணெய் ஆலையில், எண்ணெயைச் சூடாக்கும் குழாய்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த பி.சி.பி. என்ற திரவம் கசிந்து எண்ணெயோடு கலந்துவிட்டது. அந்த எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். தோலெல்லாம் கொப்புளம். கர்ப்பிணிகளுக்குக் கருமை படர்ந்த தோலோடு குழந்தைகள் பிறந்தன. உடம்பில் ஏறிய பி.சி.பி. ஆண்டுக்கணக்கில் இறங்கவில்லை. 1973இல் அங்கே வந்த சட்டம், புதிய வேதிப்பொருள் இயற்கையில் சிதைகிறதா, மீனின் உடம்பில் சேர்கிறதா என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றது. சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மீன் கெண்டை.

பிறகு பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு இதற்கென ஒரு பொதுவான வழிகாட்டியை உருவாக்கியது. அதன் எண் 305. வேதிப்பொருள் கலந்த நீரில் மீன்களை வழக்கமாக 28 நாள் விடுவார்கள். பிறகு சுத்தமான நீருக்கு மாற்றுவார்கள். இடையிடையே சில மீன்களை எடுத்துக் கொன்று, உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். மீனில் இருக்கும் அளவு தண்ணீரில் இருக்கும் அளவைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் விடை. ஐரோப்பியச் சட்டப்படி அது 2,000 மடங்கைத் தாண்டினால் உடம்பில் சேரும் பொருள், 5,000ஐத் தாண்டினால் மிக அதிகமாகச் சேரும் பொருள். நம்பகமான சோதனைதான். ஆனால் ஒரே ஒரு பொருளுக்கு நூறுக்கும் மேற்பட்ட மீன்கள் சாக வேண்டும், மாதங்கள் ஆகும், செலவும் பெரிது. புழக்கத்தில் இருக்கும் வேதிப்பொருட்களோ பல்லாயிரம். அத்தனைக்கும் இப்படிச் செய்து முடிக்கவே முடியாது.

குறுக்குவழி ஒன்று பல காலமாக இருக்கிறது. ஆக்டனால் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள திரவத்தையும் தண்ணீரையும் ஒரு குப்பியில் ஊற்றி, வேதிப்பொருளைப் போட்டுக் குலுக்கினால், அது எந்தப் பக்கம் அதிகம் போகிறது என்று தெரியும். ஆக்டனால் பக்கம் போவது கொழுப்பிலும் போய்த் தங்கும். உடம்பால் உடைக்க முடியாத பொருட்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. உடம்பு உடைக்கக்கூடிய பொருளாக இருந்தால் கணக்கு தவறிவிடும், சில சமயம் பல மடங்கு தவறும். குப்பியில் கல்லீரல் இல்லையே.

மீனின் உடம்பை ஓர் ஏரியாக வைத்துக்கொள்ளுங்கள். வரத்துக் கால்வாய் இரண்டு, செவுளும் இரையும். மதகுகள் சில: செவுள் வழியே கொஞ்சம் திரும்பத் தண்ணீருக்குப் போகும், கழிவோடு கொஞ்சம் போகும். இவை பொருளை உள்ளபடியே வெளியே விடும் மதகுகள். கல்லீரல் என்ற மதகு வேறு மாதிரி. அங்கே இருக்கும் நொதிகள் பொருளின் மூலக்கூறில் ஆக்சிஜனைச் சேர்க்கும், பிறகு ஒரு சர்க்கரையையோ சல்பேட்டையோ ஒட்டவைக்கும். கொழுப்பை நாடிய பொருள் தண்ணீரில் கரையும் பொருளாகிப் பித்தநீரோடும் சிறுநீரோடும் போய்விடும். இந்த ஒரு மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மீனை வதைக்காமல் அளக்க முடியுமா என்பதுதான் கல்லீரல் செல் ஆய்வின் தொடக்கம்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆய்வின் நேர்த்தியே அதில்தான் இருக்கிறது. பயன்படுத்தும் மீன் ரெயின்போ ட்ரவுட். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போனவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள், ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட குளிர்நீர் மீன். மயக்க மருந்து கொடுத்த மீனின் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் மெல்லிய ஊசியைச் செருகி, முதலில் ரத்தத்தையும் கால்சியத்தையும் கழுவி வெளியேற்றுவார்கள். அடுத்து கொலாஜினேஸ் என்ற நொதியைச் செலுத்துவார்கள். செல்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் இழைகளை அது கரைத்துவிடும். கல்லீரல் தளர்ந்து, தனித்தனிச் செல்களாகப் பிரிந்து வந்துவிடும். பல மீன்களின் செல்களை ஒன்றுசேர்த்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்துச் சேமிப்பார்கள். வேண்டியபோது உருக்கி எடுத்து, டிரிபான் நீலம் என்ற சாயத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். செத்த செல் நீலமாகும், உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. நூற்றுக்கு எண்பதாவது உயிரோடு இருந்தால்தான் சோதனை நடக்கும்.

பிறகு ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 முதல் 20 லட்சம் செல்கள் வீதம் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, ட்ரவுட் வாழும் குளிர்ச்சியிலேயே, ஏறத்தாழ 11 டிகிரியில் வைத்து, மிக மிகக் குறைந்த அளவு வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். அளவு கூடினால் நொதிகள் திணறிப்போய், உண்மையான வேகம் தெரியாது. சில மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட இடைவெளிகளில் மாதிரி எடுத்து, பொருள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பக்கத்திலேயே சூடாக்கிச் செயலிழக்கவைத்த செல்களோடு இன்னொரு குப்பியும் ஓடும். அதிலும் பொருள் குறைந்தால் அது ஆவியாகியிருக்க வேண்டும், அல்லது கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும், கல்லீரலின் வேலையாக இருக்காது. எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது குப்பிதான். தன் விடையைத் தானே சந்தேகித்துப் பார்க்கும் ஒழுங்கு அதில் இருக்கிறது.

ஆறு ஆய்வகங்கள் ஒரே பொருட்களை ஒரே முறையில் சோதித்து, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தன. தேர்ந்தெடுத்த பொருட்கள்: புகையிலும் கரியிலும் இருக்கும் பைரீன், பூச்சிக்கொல்லிகளான ஃபென்தியான், டெல்டாமெத்ரின், மெத்தாக்சிகுளோர், சலவைப்பொருட்கள் சிதைவதால் உண்டாகும் நோனைல்ஃபீனால், வாசனைப் பொருளான சைக்ளோஹெக்சைல் சாலிசிலேட். விடைகள் ஒத்துப்போயின. 2018இல் இந்த முறை அதே பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் வழிகாட்டியாக, 319ஏ என்ற எண்ணில் வந்தது. முழுச் செல்லுக்குப் பதில் கல்லீரலை அரைத்து எடுத்த சாற்றைப் பயன்படுத்தும் முறைக்கு 319பி என்று எண்.

குப்பியில் கிடைத்த வேகத்தை முழு மீனுக்கு எப்படி ஏற்றுவது? ட்ரவுட்டின் ஒரு கிராம் கல்லீரலில் சுமார் 51 கோடி செல்கள். கல்லீரலின் எடை உடல் எடையில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். இதயம் தள்ளும் ரத்தத்தில் கால் பங்கு கல்லீரல் வழியாகப் போகிறது. இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் முழு மீன் ஒரு நாளில் எவ்வளவு பொருளை உடைக்கும் என்று கிடைக்கும். அதை வரத்தோடும் மற்ற மதகுகளோடும் சேர்த்துக் கணக்கிட்டால் மீனில் எத்தனை மடங்கு சேரும் என்பது தெரியும். இதில் இன்னும் தீராத ஒரு விவாதம் உண்டு. ரத்தத்தில் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் கல்லீரலுக்குக் கிடைக்குமா கிடைக்காதா? கிடைக்கும் என்று வைத்தால் ஒரு விடை, கிடைக்காது என்று வைத்தால் வேறு விடை.

சரி, ட்ரவுட்டுக்குக் கிடைத்த விடை மற்ற உயிர்களுக்கும் பொருந்துமா?

மெத்தாக்சிகுளோரையே எடுத்துக்கொள்வோம். டி.டி.டி.க்கு மாற்றாக வந்தது. டி.டி.டி. மூலக்கூறின் இரு முனைகளிலும் குளோரின் இருக்கும் இடத்தில் இதில் மெத்தாக்சித் தொகுதி இருக்கிறது, நொதிகள் அதைப் பிடித்துக் கழற்றிவிடும். பாலூட்டிகளின் உடம்பு இதைச் சீக்கிரம் வெளியேற்றுகிறது. ஆனால் சில மீன்களில் நன்றாகவே சேர்கிறது. 2023இல், எளிதில் சிதையாத நச்சுப்பொருட்களைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் இதுவும் சேர்ந்தது. எலியில் பார்த்து மீனுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பாலூட்டிகளுக்குள்ளேயே கூட வேறுபாடு பெரிது. நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அதன் கல்லீரலில் சர்க்கரையை ஒட்டவைக்கும் நொதி மிகக் குறைவு. பூனை வளர்ப்பவர்கள் இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

மீனின் கல்லீரலை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் பதில் சொல்ல முடியாத இடமும் உண்டு. நம் ஊரில் வயதான விவசாயிகளுக்குப் பி.எச்.சி. பவுடர் நினைவிருக்கும். 1997இல் இந்தியாவில் தடை செய்யப்படும் வரை நெல்லுக்கு மூட்டை மூட்டையாகத் தூவினோம். 1980களில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வாளர்களும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து வெள்ளாற்றின் நீரையும் அந்தப் பகுதிக் காற்றையும் சோதித்தார்கள். நெற்பயிர்க் காலத்தில் இந்த மருந்தின் அளவு ஏறுவது தெளிவாகத் தெரிந்தது. பிறகு வங்காள விரிகுடாவின் டால்ஃபின்களின் கொழுப்பிலும் அதைக் கண்டார்கள்.

இந்தப் பவுடரில் பீட்டா வகை என்று ஒரு பகுதி உண்டு, எளிதில் உடையாதது. ஆனால் தண்ணீரில் ஓரளவு கரையும். அதனால் மீன் தன் செவுள் வழியாகவே பெருமளவைத் தண்ணீருக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மீனை வைத்துச் சோதித்தால், இது பெரிதாகச் சேராத பொருள் என்றுதான் விடை வரும். டால்ஃபினுக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் செவுள் கிடையாது, நுரையீரல்தான். இந்த பீட்டா வகை எளிதில் ஆவியாகாது, ஆகவே மூச்சோடு வெளியே போகாது. உள்ளே வந்தது தங்கிவிடும், தாய்ப்பால் வரைக்கும் வரும். 2007இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர்க்டிக் பகுதியில் லைக்கன் என்ற பாசி போன்ற உயிர், அதைத் தின்னும் கரிபூ மான், ஓநாய் என்ற வரிசையை மீன் வரிசையோடு ஒப்பிட்டு இதை விரிவாகக் காட்டினார்கள். மீனில் சேராத பல பொருட்கள் காற்றைச் சுவாசிக்கும் உயிர்களில் படிப்படியாகப் பெருகுகின்றன. ஆகவே 2,000, 5,000 என்ற மீன் அளவுகோலைத் தாண்டாத பொருள் மனிதருக்கும் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

பி.எஃப்.ஓ.எஸ். என்ற கறைதடுப்புப் பொருளைப் போன்றவை வேறு ரகம். கொழுப்பை விட்டுவிட்டு ரத்தத்திலும் கல்லீரலிலும் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும், எந்த உயிரின் கல்லீரலாலும் உடையாது. குப்பியில் அளவு குறையவே குறையாது.

இப்போது நம் மீன்களுக்கு வருகிறேன். 11 டிகிரியில் வாழும் ட்ரவுட்டின் கணக்கை, 28, 30 டிகிரிக் குளத்தில் வளரும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் மிர்காலுக்கும் அப்படியே போடுவது நியாயமில்லை. வெப்பம் கூடினால் நொதிகள் வேகமாக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் வெப்பம் கூடினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது, மீன் செவுளில் அதிகத் தண்ணீரை ஓட்டுகிறது, அதோடு அதிக வேதிப்பொருளும் உள்ளே வருகிறது. இரண்டில் எது மிஞ்சும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். ஜப்பான் சோதிக்கும் கெண்டை நம் கட்லா, ரோகுவின் குடும்பம்தான், அந்த எண்கள் ட்ரவுட்டின் எண்களைவிட நமக்கு நெருக்கமானவை. ஆனாலும் நெருங்கிய உறவு என்பதற்காகக் கல்லீரல் ஒன்றாகிவிடாது.

இதற்கான திறமை நம்மிடம் இல்லாமல் இல்லை. ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியின் ஆய்வகம் கொடுவா மீனிலிருந்து தொடர்ந்து வளரும் செல் வரிசைகளை உருவாக்கியிருக்கிறது. மீன் வைரஸ் ஆய்வுக்கு அவை பெரிதும் பயன்படுகின்றன. ஆய்வகத்தில் பல தலைமுறை வளர்ந்த செல்கள் கல்லீரலின் நொதிகளைப் பெருமளவு இழந்துவிடுவது வழக்கம். ஆகவே நமக்கு வேண்டியது மீனிலிருந்து நேரடியாகப் பிரித்து உறையவைத்த கல்லீரல் செல்கள். ரோகுவின் ஒரு கிராம் கல்லீரலில் எத்தனை கோடிச் செல்கள், 28 டிகிரியில் அதன் கல்லீரலுக்குள் எவ்வளவு ரத்தம் பாய்கிறது, பைரீனையும் டெல்டாமெத்ரினையும் அந்தச் செல்கள் என்ன வேகத்தில் உடைக்கின்றன, இந்த மூன்றையும் அளப்பது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குள் அடங்கும் வேலை. தூத்துக்குடியிலோ பொன்னேரியிலோ மீன்வளம் படிக்கும் மாணவர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், 319ஏ வழிகாட்டி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எடுத்துப் படித்துவிட்டு, உங்கள் பேராசிரியரிடம் போய்ப் பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.