ஓப்பன் சோர்ஸ் சைட்டை நம்ம லேப்டாப்லயே ஓட்டிப் பாக்கலாம் வாங்க | சிங்கப்பூர் தமிழ் வ்லாக்

வணக்கம் மக்களே! இன்னிக்கு ஊர் சுத்துற வீடியோவும் கிடையாது, சாப்பாடு வீடியோவும் கிடையாது, லேப்டாப் மட்டும்தான். மேல் வீட்ல ரெனவேஷன் நடக்குது, டிரில் சத்தம் வந்துச்சுன்னா கொஞ்சம் பொறுத்துக்குங்க, அஞ்சு மணிக்கு மேல அடிக்க மாட்டாங்க, ஆனா அதுவரைக்கும் காத்திருந்தா எனக்கு வெளிச்சம் போயிடும்.

சரி விஷயத்துக்கு வரேன். என்எஸ் முடிச்சுட்டு இப்ப படிச்சிட்டிருக்கிற ஒரு தம்பி கேட்டாப்ல, "எனக்கு கோட் அவ்வளவா வராது, ஆனா ஏதாவது ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல சேரணும், எங்க ஆரம்பிக்கலாம்"னு. நான் சொன்னேன், அவங்க வெப்சைட்ல ஆரம்பிப்பா. டாக்குமென்டேஷன்ல வேலை எப்பவும் கிடக்கும், செய்யத்தான் ஆள் இருக்காது.

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தணும், செத்துப் போன ஒரு லிங்கை மாத்தணும், அவ்வளவுதான்னா இந்த வீடியோவே உங்களுக்கு வேணாம். ப்ராஜெக்ட் கோட் வைக்கிற கிட்ஹப் சைட்ல அந்த ஃபைலைத் திறந்தா ஒரு பென்சில் ஐகான் இருக்கும், அதை அழுத்துங்க, திருத்துங்க, "இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்குங்க"ன்னு கேக்குற புல் ரிக்வெஸ்ட் போடுங்க, போய்த் தூங்குங்க. ஒரு கமா மாத்துறதுக்கு முழு சைட்டையும் இறக்கி ஓட்டுறது வெட்டி வேலை. ஆனா புதுசா ஒரு பக்கம் சேர்க்குறீங்க, படம் போடுறீங்க, மெனுவைத் தொடுறீங்க, டேபிள் போடுறீங்கன்னா அது எப்படி வரும்னு கண்ணால பாக்காம அனுப்பாதீங்க, அதை ரிவ்யூ பண்றவரும் ஆபீஸ் வேலையெல்லாம் முடிச்சுட்டு ராத்திரி உக்காந்துதான் பாக்குறாரு.

இந்த மாதிரி சைட்டுல நிறைய ஸ்டாட்டிக் சைட்தான். மார்க்டவுன்ங்கிற எளிய குறியீட்டுல எழுதுவோம், ஒரு டூல் அதை எச்டிஎம்எல்லா மாத்திக் கொடுக்கும். ஜெக்கில்னு ஒரு டூல் 2008ல வந்தது, ரூபி மொழியில எழுதினது. ஹியூகோ 2013, அது கோ மொழி. பைதான் ஆளுங்க ஸ்ஃபிங்ஸ் வச்சுக்குவாங்க, ஃபேஸ்புக்ல இருந்து வந்தது டாக்குசாரஸ். எது நல்லதுன்னு சண்டை போட நான் வரல. ப்ராஜெக்ட் எதை வச்சிருக்கோ அதுதான் உங்களுக்கும்.

இன்னிக்கு உதாரணத்துக்கு குபர்நெட்டீஸ் சைட்டை எடுத்துக்குவோம், நிறைய சர்வர்ல புரோகிராம்களை ஓட்டி மேய்க்கிற ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் அது. பெரிய சைட், ஹியூகோவுல ஓடுது, டாக்சி (Docsy)ங்கிற தீம், அதாவது சைட்டோட தோற்றம். இங்க ஸ்கிரீன்ல பாருங்க, ரெப்போவை, அதாவது ப்ராஜெக்ட் ஃபைலெல்லாம் இருக்கிற இடத்தை, என் கணக்குக்கு நகல் எடுத்து (ஃபோர்க்) லேப்டாப்புக்கு இறக்கிட்டேன் (க்ளோன்). இப்பவே ஹியூகோ சர்வர்னு அடிச்சா ஓடுமா? ஓடாது. ஏன்னா தீம் தனி ரெப்போ, அதை சப்மாட்யூலா, அதாவது ரெப்போவுக்குள்ள ரெப்போவா வச்சிருக்காங்க, இப்ப நம்ம கையில இருக்கிறது சாவி வாங்கின புது வீவக வீடு மாதிரி, உள்ள ஒரு நாற்காலி கூட கிடையாது. கிட் சப்மாட்யூல் அப்டேட், கூடவே இனிட்டும் ரிகர்சிவும் போடணும், அப்பதான் தீம் ஃபோல்டர் நிறையும். அப்புறம் என்பிஎம் சிஐ, மத்த தேவையான பேக்கேஜையெல்லாம் இறக்குற கமாண்ட். இதெல்லாம் ரீட்மீ ஃபைல்லயே இருக்கு, யாரும் படிக்கிறதில்ல, அது வேற கதை.

இப்ப முக்கியமான இடம், கொஞ்சம் பக்கத்துல வாங்க. உங்க லேப்டாப்ல இருக்கிற ஹியூகோ வெர்ஷனும், அவங்க சர்வர்ல பில்ட் பண்ற ஹியூகோ வெர்ஷனும் ஒன்னா இருக்கணும். உபுண்டுல ஆப்ட் வழியா போட்டீங்கன்னா பெரும்பாலும் பழசு வரும், மேக்ல ப்ரூ வழியா போட்டீங்கன்னா இருக்கிறதுலயே புதுசு வரும், ரெண்டும் தப்புதான். ப்ராஜெக்ட் எந்த வெர்ஷன்னு எங்க பாக்குறது? இந்த ரெப்போவுல, சைட்டை பில்ட் பண்ணி ஏத்துற நெட்லிஃபை சேவைக்காக நெட்லிஃபை டாட் டாமல் (netlify.toml)னு ஒரு ஃபைல், இதோ பாருங்க, ஹியூகோ வெர்ஷன்னு ஒரு வரி, பக்கத்துலயே நம்பர். அதே நம்பரை ஹியூகோவோட ரிலீஸ் பக்கத்துல தேடி இறக்குங்க, அதுலயும் எக்ஸ்டென்டட்னு பேர் போட்டிருக்கிறதா பாத்து எடுங்க. சாதாரண ஹியூகோவை எடுத்தீங்கன்னா சாஸ்ங்கிற ஸ்டைல் ஃபைலை பிரவுசருக்குப் புரியுற சிஎஸ்எஸ்ஸா மாத்துற இடத்துல நின்னுடும், "இந்த வசதி உங்க வெர்ஷன்ல இல்ல"ங்கிற மாதிரி ஒரு எர்ரர் வரும், ஜனங்க அதைப் பாத்துட்டு தீம் உடைஞ்சு போச்சுன்னு நினைச்சு தீமைப் போட்டு நோண்டிட்டு இருப்பாங்க. தீம் நல்லாத்தான் இருக்கும்.

"இவ்வளவு தலைவலி எதுக்கு, டாக்கர்ல ஓட்டலாமே"ன்னு கேப்பீங்க. ஓட்டலாம். டாக்கர்னா தேவையானதெல்லாம் கன்டெய்னர்ங்கிற ஒரு பெட்டிக்குள்ள போட்டு ஓட்டுற டூல். மேக் கன்டெய்னர் சர்வ்னு (ஆப்பிள் மேக் இல்ல, make) ஒரே கமாண்ட், சரியான வெர்ஷனை அதுவே எடுத்துக்கும். ஆனா டாக்கர் டெஸ்க்டாப்ல மெமரி கம்மியா ஒதுக்கியிருந்தா பாதியில செத்துப் போகும், செட்டிங்ஸ்ல போய் மெமரியும் சிபியுவும் கூட்டி வச்சுக்கணும். என்னைக் கேட்டா எப்பவாவது தொடுற சைட்டுக்கு கன்டெய்னர், அடிக்கடி தொடுற சைட்டுக்கு நேரா லேப்டாப்லயே, ஏன்னா சேவ் பண்ணவுடனே பிரவுசர் மாறணும் எனக்கு, காத்திருக்கப் பிடிக்காது.

விண்டோஸ்காரங்களுக்கு ஒரு வார்த்தை: டபிள்யூஎஸ்எல்ல, அதாவது விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டி வேலை பாக்குறீங்கன்னா ரெப்போவை சி டிரைவ்ல வைக்காதீங்க, லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டர்ல வைங்க. சி டிரைவ்ல வச்சா மெதுவாவும் இருக்கும், ஃபைலை சேவ் பண்ணினது லினக்ஸுக்குத் தெரியவே தெரியாது, பக்கம் தானா ரிஃப்ரெஷ் ஆகாது. மேக்ல "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்"னு வந்தா பயப்படாதீங்க, ஃபைல் லிமிட்டைக் கூட்டணும், அதுவும் ரீட்மீல இருக்கு.

ஓடுச்சா? லோக்கல்ஹோஸ்ட், 1313. வந்துடுச்சு பாருங்க. அழகு.

இப்ப நம்ம ஊர் ஆளுங்களுக்குன்னே ஒரு வேடிக்கை சொல்றேன். காலையில ஏழு மணிக்கு எழுந்து புது பக்கம் எழுதுறீங்க, மேல தேதி போடுற இடத்துல இன்னிக்கு தேதி போடுறீங்க, சேவ் பண்றீங்க, பக்கம் வரவே இல்ல. டிராஃப்ட்டும் இல்ல, எர்ரரும் இல்ல. என்னன்னா, டைம் ஜோன் எதுவும் சொல்லலன்னா ஹியூகோ அந்தத் தேதியை யுடிசி, அதாவது உலகப் பொது நேரம்னு எடுத்துக்கும், நம்ம சிங்கப்பூர் அதை விட எட்டு மணி நேரம் முன்னாடி, அதனால இன்னிக்கு தேதி அதுக்கு நம்ம காலை எட்டு மணிக்குத்தான் பிறக்குது. ஏழு மணிக்கு அது எதிர்காலம். எதிர்காலத் தேதி போட்ட பக்கத்தை ஹியூகோ பில்டே பண்ணாது. எட்டு மணிக்கு மேல திரும்ப ஓட்டினா தானா வந்து நிக்கும், பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். உங்க சொந்த ப்ராஜெக்ட்னா கான்ஃபிக்ல டைம் ஜோனை ஏஷியா சிங்கப்பூர்னு வச்சுடுங்க. அடுத்தவங்க ப்ராஜெக்ட்னா அதைத் தொடாதீங்க, பில்ட் ஃபியூச்சர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டு ஓட்டிப் பாத்துக்குங்க.

இன்னொன்னு படம். ஃபைல் பேர்ல லோகோவோட எல் பெரிய எழுத்து, பக்கத்துல நீங்க எழுதினது சின்ன எழுத்து. மேக்ல அழகா தெரியும், ஏன்னா சாதாரண செட்டிங்ல மேக் பெருசு சின்னது பாக்காது. லினக்ஸ் சர்வருக்குப் போனதும் படம் காணாம போயிடும். அதனால படம் பேரெல்லாம் சின்ன எழுத்துலயே வைக்கிறதை வழக்கமாக்கிக்குங்க, யோசிக்கவே வேண்டாம்.

தமிழ்ல பக்கம் எழுதுறவங்க கவனிங்க. சைட்டோட சிஎஸ்எஸ்ல ஆங்கில ஃபான்ட் மட்டும் இருந்தா, தமிழுக்கு பிரவுசர் உங்க மெஷின்ல என்ன இருக்கோ அதைப் போட்டுக்கும், விண்டோஸ்ல நிர்மலா, மேக்ல தமிழ் சங்கம், ரெண்டுலயும் வரி உயரம் வேற வேற. உங்க ஸ்கிரீன்ல சரியா இருக்கிறது பாக்குறவர் ஸ்கிரீன்ல இடிச்சுக்கிட்டு நிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழை சைட்டோடயே சேர்த்துக் கொடுத்துட்டா தீர்ந்தது. 1995லயே நம்ம ஊர்ல எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ஐயா தமிழை வெப்ல ஏத்திக் காட்டினாரு, அந்தக் காலத்துல ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு ஃபான்ட்டை இறக்கித்தான் படிக்கணும், இப்ப யுனிகோட் வந்து இவ்வளவு சுலபமாகியும் நாம வரி மேல வரி இடிக்க விடுறோம். அப்புறம் தமிழ் ஹெடிங்குக்கு சுருள் அடைப்புக்குறி போட்டு நீங்களே ஒரு ஆங்கில ஐடி கொடுத்துடுங்க, நாளைக்கு ஹெடிங்கைத் திருத்தினாலும் பழைய லிங்க் உடையாது.

ஃபோன்ல பாக்கணுமா? பைண்ட்னு ஒரு ஆப்ஷன், அதுல 0.0.0.0னு போட்டு ஓட்டுங்க, பேஸ் யுஆர்எல்லுக்கு லேப்டாப்போட ஐபி, ஃபோன்லயும் அதே ஐபியை, பின்னாடி :1313 சேர்த்து அடிங்க. வீட்டு வைஃபைல மட்டும் பண்ணுங்க. வயர்லெஸ் அட் எஸ்ஜி மாதிரி பொது வைஃபைல உக்காந்துக்கிட்டு உங்க மெஷினை எல்லாருக்கும் திறந்து வைக்காதீங்க லா.

அனுப்புறப்ப சிஎல்ஏ, அதாவது பங்களிப்பு ஒப்பந்தத்துல கையெழுத்து கேக்கும், குபர்நெட்டீஸ்னா அதோட தாய் அமைப்பான சிஎன்சிஎஃப்போடது, அதைப் போடாம மெர்ஜ் ஆகாது, அதாவது ப்ராஜெக்ட்ல சேராது. புல் ரிக்வெஸ்ட்லயே நெட்லிஃபை ஒரு ப்ரிவியூ லிங்க் கொடுக்கும், அதைத் திறந்து உங்க லேப்டாப்ல பாத்ததும் அதுவும் ஒன்னா இருக்கான்னு பாருங்க. ஒன்னா இல்லன்னா முதல்ல வெர்ஷனை சந்தேகப்படுங்க.

கடைசியா, சைட்டைப் பராமரிக்கிற பொறுப்பே உங்க கைக்கு வந்துடுச்சுன்னா என்ன பண்றதுன்னு சொல்றேன். குபர்நெட்டீஸ்ல இப்ப இருக்கிற வெர்ஷனுக்கும் அதுக்கு முந்தின நாலு வெர்ஷனுக்கும் டாக்ஸ் வச்சிருக்காங்க, அவங்களுக்கு ஆள் இருக்கு. சின்ன ப்ராஜெக்ட்ல அந்த ஆசையெல்லாம் வேணாம், இப்ப இருக்கிறதும் முந்தினதும் போதும். ஹியூகோவை அப்கிரேட் பண்றப்ப அதை மட்டும் தனி புல் ரிக்வெஸ்டா போடுங்க, கூடவே பக்கத்தைத் திருத்துறது, மெனு மாத்துறதெல்லாம் கலக்காதீங்க. பழைய வெர்ஷன்ல ஒரு தடவை பில்ட் பண்ணி ஒரு ஃபோல்டர், புது வெர்ஷன்ல பில்ட் பண்ணி இன்னொரு ஃபோல்டர், ரெண்டுக்கும் டிஃப் போட்டு என்ன வித்தியாசம்னு பாருங்க. இங்க பாருங்க, என் சின்ன சைட்டுக்கு ஓட்டிக் காட்டுறேன்... வெர்ஷன் நம்பர் சொல்ற மெட்டா டேக் எல்லாப் பக்கத்துலயும் மாறியிருக்கு, அது பரவாயில்ல, அதை வடிகட்டிடுங்க. மிச்சம் இதோ ஒரு ஹெடிங் ஐடி மாறியிருக்கு, இதுதான் வேண்டாத ஆளு, இதை விட்டா வெளியில இருந்து வர்ற லிங்க் எல்லாம் அந்த ஹெடிங்குல போய் நிக்காது. இதைச் சரி பண்ணிட்டு மெர்ஜ் பண்றேன். டிரில்லும் நின்னுடுச்சு பாத்தீங்களா, முடிக்கிற நேரத்துல நிறுத்துறாங்க. ஓகே மக்களே, வரேன்.