கட்டுமரம் கடல் கடந்த கதை

(திருகோணமலையில் மொழியாசிரியர்களும் மாணவரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் அதிபர் அவர்களே, மழையையும் பொருட்படுத்தாது கந்தளாயிலிருந்து வந்திருக்கும் பிரதம விருந்தினர் அவர்களே, மேடைக்கு வர மறுத்து மாணவர் நடுவே அமர்ந்திருக்கும் மூத்த ஆங்கில ஆசிரியை அவர்களே, ஒலிபெருக்கி தந்துதவிய கடற்றொழிலாளர் சங்கத்துப் பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்றாள் ஔவை. அந்த வாக்கை மனிதரைவிடச் சொற்கள் நன்றாகக் கேட்டு நடந்திருக்கின்றன. செரூட், கறி, கற்றமரான் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களைப் பற்றி நான் பேசுவதாக அழைப்பிதழ் சொல்கிறது. நிற்பது கடற்கரை ஊரில் என்பதால் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். நேரம் இருந்தால் சுருட்டுக்கும் கறிக்கும் வருவேன்.

சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைக் கண்ட ஆங்கிலேயர் அதன் பெயரையும் ‘கற்றமரான்’ என்று தம் மொழிக்கு எடுத்துக்கொண்டனர். 1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலில் அதைக் காணலாம். 1804இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்திலிருந்த நெப்போலியனின் படகுகளைத் தகர்க்கப் பிரித்தானியர் மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் அதுவே பெயராயிற்று. சண்டைக்காரப் பெண்ணை ஏசவும் ஒரு காலத்தில் அச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். எந்தக் கடலோரத்துப் பெண்ணிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு போனார்களோ! 1876இல் நத்தனியேல் ஹெரஷொஃப் என்ற அமெரிக்கர் தாம் வடிவமைத்த இரட்டை உடற் பாய்க்கலத்தை நியூயோர்க் போட்டியொன்றில் ஓட்டினார். அவ்வகைக் கலங்களின்மேல் நம் பெயர் படிந்து, இன்று ஆங்கிலத்தில் அதுவே முதற்பொருளாக நிற்கிறது. ஆயினும் இரட்டை உடற்கலத்தைக் கண்டுபிடித்தவர் தமிழரே என்று மேடைகளில் முழங்குவதை நான் ஏற்கமாட்டேன். அந்த மரபு பசிபிக் தீவினருடையது, நம்முடையது பெயர் மாத்திரமே.

இதனைத் திருக்கடலூர்ப் பெரியவர் ஒருவர் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் பாய்க்கலம் ஒன்று நம் துறைமுகத்திற்கு வந்திருந்தபோது, கரைக்கு வந்த அதன் மாலுமி தமது கலத்தைக் காட்டிக் ‘கற்றமரான்’ என்று பெருமையோடு சொன்னார். உடனிருந்த மாணவன் அது நம் கட்டுமரம்தான் என்று விளக்கினான். பெரியவர் கண்மேல் கை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, ரெண்டு வள்ளத்தைப் பக்கத்தில பக்கத்தில விட்டிருக்கு, இதில கட்டு எங்க, மரம் எங்க?” என்றார். கரை முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மணலில் குந்தி, விரலால் கோடிட்டு, நடுமரம் ஏன் நீளமானது, முன்முனை அலைமேல் ஏறுவதற்கு எப்படி நிமிர்ந்திருக்க வேண்டும், கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை வெவ்வேறாகக் காயவைக்காவிட்டால் நீரூறிப் பாரமாகிவிடும் என்பதையெல்லாம் மாணவன் வாயிலாக அந்த மாலுமிக்குச் சொன்னார். மாலுமி தம் குறிப்பேட்டை எடுத்து எழுதினார். நம் மாணவன் கையில் குறிப்பேடு இல்லை.

திரைகடல் ஓடித் திரவியம் தேடியவர் அதைப் பேழையில் வைத்துப் பூட்டுவர். நாமோ கரையில் கிடப்பதைக்கூடப் பொறுக்கி வைக்கவில்லை. கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்தது தொழிலாளருக்கு நன்மையே. அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் மரங்களோடு முடிச்சுகளின் பெயரும், நீரோட்டத்தின் பெயரும், காற்றின் பெயரும் போய்க்கொண்டிருக்கின்றன. இதைப் பல மேடைகளில் சொல்லிவிட்டேன், இங்கும் சொல்கிறேன், சலித்தவர்கள் பொறுத்தருள்க.

செரூட்டுக்கும் கறிக்கும் நேரமில்லை என்று தலைவர் மணியைத் தொடுகிறார். ஆகவே என் வேண்டுகோளை வைக்கிறேன். மார்கழியில் கடல் குழம்பி, படகுகள் கரையில் கிடக்க, பெரியவர்கள் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். அந்த விடுமுறையில் திருக்கடலூர், சல்லி, கிண்ணியா, மூதூர், குச்சவெளி ஆகிய ஊர்களுக்குத் தரம் 9 மாணவரைக் குறிப்பேட்டோடு அனுப்புங்கள். சொல்லையும் பொருளையும், சொன்னவரின் ஊரையும் எழுதட்டும். கருவி அழிந்திருந்தால் அதன் உருவை வரையட்டும். அக்குறிப்பேடுகளை வைக்கப் பாடசாலை நூலகத்தில் ஓர் அலுமாரி ஒதுக்குமாறு அதிபர் அவர்களைச் சபையோர் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்.