நூலகத்தில் ஒரு குறடு

(தேசிய அறிவியல் நாளையொட்டி, சேலத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் பேச்சில் பாதியைப் பேசிவிட்ட நூலகர் அவர்களே, வாடகை வாங்காமல் நாற்காலி போட்டுக் கொடுத்த பந்தல்காரத் தம்பி, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் உட்கார்ந்து இப்போதே நெளிகிற குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள், மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு அந்தக் காசுக்கு ஒரு குறடு வாங்கிக் கொடுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன். மாமன்ற உறுப்பினர் அம்மாவுக்கு ஆறரை மணிக்கு ஒரு வரவேற்பு இருக்கிறதாம். அவர் கிளம்புவதற்குள் சொல்லிவிடுவேன், கவலைப்படாதீர்கள்.

மூன்று விஷயம் பேசுவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். பொம்மை செய்தால் அறிவியல் எப்படி வரும், அதற்கு என்ன செலவாகும், மதிப்பெண்ணுக்கும் அதற்கும் என்ன உறவு. பெற்றோர்கள் மூன்றாவதுக்காகத்தான் வந்திருக்கிறீர்கள், தெரியும்.

நான் வாத்தியார் இல்லை. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். பேச்சில் பழமொழி கொஞ்சம் வரும். எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். எல்லாப் பிள்ளையையும் கரும்பலகையிலேயே கறக்கப் பார்க்கிறோம். சில பிள்ளைக்கு அறிவு கை வழியாகத்தான் உள்ளே போகும்.

ஏற்காட்டு பஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூட்டிப் போனேன். அடிவாரத்தில் ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட் வாங்கினான். ஏரிக்கரையில் உட்கார்ந்துதான் பிரிப்பேன் என்று மடியில் வைத்துக்கொண்டான். பஸ் வளைவு வளைவாக ஏறுகிறது. பாதி மலையில் பார்த்தால் பாக்கெட் தலையணை மாதிரி உப்பி நிற்கிறது. பக்கத்தில் ஒரு பாட்டி. மலைக் கிராமத்துக்காரர், சந்தைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். “சாமி, அதத் திங்காத. ஊதிப்போன பொட்டலம் கெட்டுப்போனது” என்கிறார். பையன் முகம் சுண்டிவிட்டது. பாட்டி சொன்னது வேறு இடத்தில் சரி. கெட்டுப்போன தின்பண்டமும் வாயு வந்து உப்பத்தான் செய்யும். கண்டக்டர் சும்மா இருப்பாரா? “பாட்டி, அதே பாக்கெட் கீழ போனா இளைச்சிரும். நான் தினம் பாக்கறேன். எங்க பஸ்ஸுல வர்ற பாக்கெட்டுக்கெல்லாம் மலை ஏறினாத்தான் மரியாதை” என்றார். பஸ்ஸே சிரித்தது. பாட்டி விடவில்லை. “அப்படின்னா எங்க ஊர்ல பருப்பு வேகறதுக்கு ஏன் அவ்வளவு நேரமாகுது, அதச் சொல்லு” என்று கண்டக்டரையே மடக்கினார். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பின்படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

சிப்ஸ் உப்புவதும் பருப்பு வேகாததும் ஒரே சங்கதி. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் நம்மை அழுத்துகிற காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. வெளியே அழுத்தம் குறைந்தால் பாக்கெட்டுக்குள் இருக்கிற காற்று விரிகிறது. தண்ணீரும் அங்கே சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். பருப்பு எப்படி வேகும்? குக்கர் மூடி அழுத்தத்தை உயர்த்துவதால்தான் மலைக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம்.

இதை நான் பஸ்ஸிலேயே சொன்னேன். ஒருத்தன்கூடக் கேட்கவில்லை, ஜன்னல் வழியாகக் குரங்கு பார்த்தார்கள். பாடிப் பார்த்தேன், கறக்கவில்லை. ஊருக்கு வந்தபிறகு ஆடினோம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், கண்ணாடிப் பாட்டில். அதன் வாயில் ஒரு பலூனை வெட்டி இழுத்துக் கட்டினோம். துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றின் ஒரு முனையை பலூனின் நடுவில் ஒட்டி, மறுமுனை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டோம். பக்கத்தில் ஒரு அட்டையில் கோடு போட்டோம். அடுத்த தடவை அதையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைகள் கத்துகிறார்கள், குச்சி நகர்கிறது என்று. அப்போது ஒரு சிறுமி, ஏழாவது படிக்கிறாள், கேட்டாள்: “தாத்தா, நாம மேல போறோம், குச்சி மட்டும் ஏன் கீழ போகுது?” யாரும் சொல்லித்தரவில்லை. குச்சியையே முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் பலூன் புடைக்கிறது, விளிம்பு ஆதாரமாக நிற்கிறது, அதனால் வெளி முனை தாழ்கிறது, இது கிணற்று ஏற்றம் மாதிரி என்று பத்தாவது வளைவுக்குள் அவளே சொல்லிவிட்டாள். அந்த நாள் குரங்கை யாரும் பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னோடி உண்டு. மத்தியப் பிரதேசத்தில், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்து அறிவியல் படிக்கிற ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் 1972-லேயே தொடங்கியது. கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா, லாரி கம்பெனி வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு 1978-ல் அங்கே போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால் டியூப்பையும் வைத்து முக்கோணமும் சதுரமும் செய்ய வைத்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செய்து பாருங்கள். சதுரம் நசுங்கும், முக்கோணம் நிற்கும். நான் ஏறாத மின்கோபுரம் இல்லை, எல்லாமே முக்கோணம்தான். அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு எந்த நூல் மேலே ஏற வேண்டும் என்று தறிக்குத் துளையாலேயே சொல்கிற ஜக்கார்டு அட்டையைக் காட்டினால் கம்ப்யூட்டரே புரிந்துவிடும். அந்தக் கதையை விரித்தால் பொழுது விடிந்துவிடும்.

செலவுக்கு வருகிறேன். பாட்டில் குப்பையில் கிடைக்கும், குச்சி துடைப்பத்தில் கிடைக்கும். கிடைக்காதது கருவி. வீட்டில் கத்தரிக்கோலைத் தொட்டால் அடி. குறடு அப்பாவின் பெட்டியில், பூட்டு போட்டிருக்கும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறையில் தேர்ந்த கருவியெல்லாம் இருக்கிறது. அது பிழைப்புக்கானது, பிள்ளை கையில் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆகவே, மாமன்ற உறுப்பினர் அம்மா எழுந்திருப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு கருவிப்பெட்டி வேண்டும். புத்தகத்தை உறுப்பினர் அட்டை காட்டி எடுத்துப்போவதுபோல, ஒரு குறடு, சிறு சுத்தியல், திருப்புளி, அரம், கத்தரிக்கோல், அளவுநாடா. பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும். தாமதமானால் அபராதம்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் உழைப்பு அது. உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரியும் சேர்ந்திருக்கும். நாம் கட்டுகிற காசு. அதில் ஒரு குறடு வாங்கக் கூடாதா?

மனு கொடுத்திருக்கிறோம். ஒரு அலுவலகத்தில், “நூலகத்தில் புத்தகம்தான் இருக்கலாம், இரும்புச் சாமானுக்குச் செலவுத் தலைப்பு இல்லை” என்று திருப்பிவிட்டார்கள். ஆடிக் கறக்கிற மாடு போலிருக்கிறது, மனுவைப் பாடினால் மடி கொடுக்காது. அதனால் இன்று ஆடுகிறோம். வாசலில் மேசை போட்டிருக்கிறது. அதில் கையெழுத்துத் தாள் இருக்கிறது, பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியும் இருக்கிறது. அடுத்த ஞாயிறு வரும்போது வீட்டில் சும்மா கிடக்கிற கருவி எதுவானாலும் அதில் போடுங்கள். துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை, எண்ணெய் போட்டு நான் தேய்த்துத் தருகிறேன். பெட்டி நிறைந்ததும் அதை அம்மா கையில் கொடுத்து, நூலகர் கணக்கில் ஏற்றச் சொல்லுவோம். ஏற்றுவீர்கள்தானே, நூலகர் ஐயா? தலையசைக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றிப் பேச நேரமில்லை, துண்டுச் சீட்டு வந்துவிட்டது. ஈர்க்குச்சி பாட்டில் பின்மேசையில் இருக்கிறது. ஒவ்வொருத்தராகத் தொட்டுப் பாருங்கள், பலூனை மட்டும் குத்திவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.