கழற்றிப் பூட்டிய வீடு

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு வீட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன், பல வருடமாக மனதை விட்டுப் போகாத வீடு அது. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் சிடிங்ஸ்டோன் ஊர்ப்பக்கம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பண்ணைவீடு, பெயர் பேலீஃப். 1960களின் கடைசியில் அங்கே பவ் பீச் நீர்த்தேக்கம் கட்டியபோது வீட்டை அகற்ற வேண்டியதாயிற்று. இடித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மரமாகக் கழற்றி எடுத்துப் போய், சசெக்ஸில் சிங்கிள்டன் கிராமத்திலுள்ள வீல்டு அண்டு டவுன்லேண்டு திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி பூட்டி நிறுத்திவிட்டார்கள்.

அது எப்படி முடிந்தது? வீட்டின் சட்டகத்தை இறுக்கிப் பிடித்திருப்பது இரும்பு ஆணி இல்லை, மர ஆணி. ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் இறங்கும் கழுந்து, இரண்டையும் சேர்த்து ஓர் ஓக் ஆணி. இதில் அந்தக் காலத் தச்சர்கள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள் பாருங்கள்: கழுந்தில் போடும் ஓட்டையை நேருக்கு நேர் போடாமல் துளி தள்ளிப் போடுவார்கள், ஆணியை அடித்து இறக்க இறக்க மூட்டு தானாக இழுத்துக்கொண்டு இறுகிவிடும். மரமும் பச்சை ஓக். காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது கஷ்டம், அதனால் வெட்டிய ஈரத்தோடே செதுக்கிப் பூட்டிவிடுவார்கள், அப்புறம் வருடக்கணக்கில் அது காய்ந்து முறுக்கிக்கொள்ளும். பழைய வீடுகளில் உத்தரம் கோணலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அதைப் பார்த்து வீடு விழப்போகிறது என்று பயப்பட வேண்டாம்.

மூட்டுகளுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் ரோமன் எண்களைப் போலச் சின்னச் சின்னக் கீறல்கள் தெரியும். தச்சர் முதலில் மரங்களைத் தரையில் பரப்பி, பொருந்துகிறதா என்று பார்த்து, எது எதோடு சேரும் என்று குறித்து வைத்த அடையாளம் அது. ஐந்நூறு வருடம் கழித்து வேறு யாரோ கழற்றிப் பூட்டும்போதும் அந்தக் கீறலுக்கு அதே அர்த்தம்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

முகப்பைப் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் மாடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும், மேலே கூரை மட்டும் ஒரே நேர்கோட்டில் ஓடும். அதனால் நடுவில் கூரை விளிம்பு சுவரைவிட்டு விலகி நிற்கும், வளைந்த தாங்குமரங்கள்தான் அதைத் தாங்குகின்றன. இந்த அமைப்புக்கு வீல்டன் வீடு என்று பெயர், கென்ட்டில் நிறைய உண்டு. மரங்களுக்கு நடுவே வரிச்சுக் கட்டி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பிய சுவர். மரத்துக்குக் கறுப்பு, சுவருக்குப் பளீர் வெள்ளை என்று அடிப்பதெல்லாம் பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். இந்தப் பக்கத்து ஓக்கை அப்படியே விட்டுவிட்டால் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும், எனக்கு அதுதான் அழகு.

உள்ளே நடுக்கூடத்துக்கு மாடி கிடையாது, தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே வெளி. புகைபோக்கியும் கிடையாது. தரையில் நடுவாக அடுப்பு எரியும், புகை மேலே சுற்றிவிட்டுக் கூரை இடுக்கு வழியாகப் போகும். சன்னலில் கண்ணாடி இல்லை, மரக் கம்பிகளும் அடைக்கிற பலகையும்தான், குளிர்காலத்தில் வெளிச்சம் வேண்டுமா கதகதப்பு வேண்டுமா என்று பார்த்துத்தான் திறந்திருப்பார்கள். அங்கே போனால் அடுப்புப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். கூரை மரமெல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கும். சாயம் இல்லை, அத்தனையும் அந்த வீட்டில் சமைத்துக் குளிர்காய்ந்தவர்களின் புகை.