நாற்பத்து மூன்று வயதில் எட்டாம் வகுப்பு

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்கு ஞாயிறுதோறும் ஓர் அக்கா வருகிறார். வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பிசிர் வெட்டும் வேலை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வேறொரு வேலை கேட்டுப் போன இடத்தில் 'எட்டாவது பாஸா?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வந்த வைராக்கியம், இன்றைக்கு ஐந்து பாடங்களையும் எடுத்து வைத்துப் படிக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

இந்த வழி இருப்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 12½ வயது முடிந்தவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். சரி, புத்தகம்? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் அப்புறம் நெட் இல்லாமலும் படிக்கலாம்.

2018-இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியபோது, பாடங்களின் ஓரத்தில் க்யூஆர் கோடு அச்சிட்டார்கள். திக்‌ஷா செயலியைத் திறந்து அதன்மேல் போனைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ ஓடும். பின்னக் கூட்டலை இந்த அக்கா ஏழெட்டுத் தடவை ஓடவிட்டுப் பார்த்தார். என்னிடம் மூன்றாவது தடவை கேட்கவே கூச்சப்பட்டவர் அவர். வளர்ந்தவர்கள் படிக்க வரும்போது பாடத்தைவிடக் கனமாக இருப்பது இந்தக் கூச்சம்தான். போனிடம் எத்தனை தடவை கேட்டாலும் அது முகம் சுளிக்காது.

ஒருநாள் போனின் மைக்கை அழுத்தி, வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள் என்றேன். 'வாளப்பளம்' என்றார். திரையில் 'வாழைப்பழம்' என்று வந்தது. சட்டென்று என்னைப் பார்த்து, "நான் சொன்னது தப்பா, இது எழுதினது தப்பா?" என்று கேட்டார். அன்று மாலை முழுக்க ழகரமும் ளகரமும்தான். மழை, மளிகை, குழம்பு, குளம் என்று சொல்லிச் சொல்லி எழுதிப் பார்த்தார். நான் திட்டம் போட்டு நடத்திய எந்த வகுப்பும் அவ்வளவு நன்றாக நடந்ததில்லை.

போனிலேயே எல்லாம் இருக்கிறதே, நூலகம் எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டில் டிவி ஓடும், அடுப்பு காத்திருக்கும், 'இந்த வயசுல என்ன படிப்பு' என்று யாராவது சொல்வார்கள். நூலகத்தில் ஒரு பெஞ்சும் மின்விசிறியும் இரண்டு மணிநேர அமைதியும் கிடைக்கின்றன. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல், நம் சென்னை மாகாணத்தில். சொத்து வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே உண்டு. பார்வையற்றோருக்கு பிரெய்ல் பிரிவும் இருக்கிறது. பெரிய நூலகங்களைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஆனாலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் கிளை நூலகம்தான் வேலைக்குப் போகிறவர்களைத் தாங்குகிறது.

முதல் நாள் இந்த அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே பத்து நிமிடம் நின்றாராம். படித்தவர்கள் வருகிற இடம், உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று பயம். நேயர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படித் தயங்கி நிற்பவர் ஒருவர் இருப்பார். அவரை ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள். பாடநூலை இறக்கிக் கொடுங்கள். மைக் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

போன ஞாயிறு அந்த அக்கா தனியாக வரவில்லை. கூட வேலை பார்க்கும் பெண் ஒருவரும் வந்திருந்தார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை அக்காவே எழுதினார். பெயரில் ஒரு ழகரம் இருந்தது. சரியாகப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வணக்கம்.