வார்த்தைக்கு எத்தனை பைசா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தவர்களுக்கும், கிடைக்காமல் பைக் மேலேயே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் பொங்கல் விழா பட்டிமன்றம் என்றால் மாமியாரா மருமகளா என்றுதான் தலைப்பு வைப்பார்கள். இந்த வருஷம் "ஆன்லைனில் கன்டென்ட் எழுதி முழுநேரம் பிழைக்க முடியுமா, முடியாதா" என்று வைத்திருக்கிறார்கள். விழாக்குழுத் தம்பிகளில் பாதிப் பேர் லேப்டாப்போடு வீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்குகிறவர்கள் போலிருக்கிறது.

முடியும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மூன்று கேள்வி கேட்டார். வார்த்தைக்கு இருபது பைசா, முப்பது பைசா கொடுக்கிறார்கள், அதில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்றார். மாதச் சம்பளம் மாதிரி நிரந்தரம் உண்டா என்றார். கடைசியில், அதுதான் சாட்ஜிபிடி வந்துவிட்டதே, இனிமேல் உங்களை யாரும்மா தேடப் போகிறார்கள் என்று கேட்டுப் பலமாகக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன்.

பைசாக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். வார்த்தைக்கு 30 பைசா என்றால் ஆயிரம் வார்த்தைக் கட்டுரைக்கு 300 ரூபாய். ஒரு நாளைக்கு இரண்டு கட்டுரை, மாதத்தில் 25 நாள், மொத்தம் 50,000 வார்த்தை எழுதினால் 15,000 ரூபாய் வரும். இன்டர்நெட் பில்லும் முதுகுவலி மாத்திரையும் போக மிச்சம் என்ன இருக்கும்? அண்ணன் சொன்னது சரி, இதில் பிழைக்க முடியாது. ஆனால் அவர் கணக்கை அங்கேயே மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதே ஆள் வார்த்தைக்கு 2 ரூபாய் வாங்கினால் 20,000 வார்த்தைக்கு 40,000 ரூபாய். வேலை பாதிக்கும் குறைவு, பணம் இரண்டரை மடங்குக்கு மேல். அப்படியானால் யாரைக் கேட்டாலும் எழுதித் தரக்கூடிய விஷயத்துக்கு 30 பைசா, சில பேருக்கு மட்டும் தெரிந்த விஷயத்துக்கு 2 ரூபாய் என்றுதானே ஆகிறது?

அந்த சில பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் எங்கே கிடைக்கும் என்று தேடி அடையாறுக்கும் ஓ.எம்.ஆருக்கும் போக வேண்டியதில்லை. என் அப்பா ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க். துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துக் கொடுக்கிற ஆபீஸ் அது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் ஓடிய சீரியல் பெயர் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்கிற பத்திரம். எந்தச் சரக்குக்கு ஹெச்.எஸ். கோடு என்கிற எந்த வகை எண், எந்தக் கன்டெய்னர் எந்த சி.எஃப்.எஸ். என்கிற கன்டெய்னர் கிடங்கில் மாட்டிக்கொண்டது, அங்கே கிடந்ததற்கு எவன் தலையில் தரை வாடகை விழுந்தது, எல்லாம் ரசம் ஊற்றும்போதே காதில் விழும். அப்போது அது எனக்கு எரிச்சல். இன்றைக்கு அதைத்தான் எழுதி விற்கிறேன். சரக்குப் போக்குவரத்து பார்க்கிற லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிகளுக்கு வெப்சைட் பக்கம், வாடிக்கையாளருக்கு அனுப்பும் விளக்கக் குறிப்பு, புதிதாக ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு வழிகாட்டி, இவ்வளவுதான் என் எழுத்து. இலக்கியம் இல்லை. யாரும் மேற்கோள் காட்டப் போவதில்லை. வாடகை கட்டுகிறேன்.

இங்கேதான் சாட்ஜிபிடியும் வருகிறது. அது 2022 நவம்பர் 30-ஆம் தேதி வெளியே வந்தது. அதற்கப்புறம் "கோடைக்கு ஏற்ற பத்து ஜூஸ்" மாதிரி வேலைகள் மளமளவென்று குறைந்தன, அதை மறைத்துப் பேசினால் இந்தத் தெருவிலேயே என்னைப் பிடித்துவிடுவார்கள். ஆனால் என்னிடம் வருகிற வேலை மாறிவிட்டது. ஒரு கம்பெனி ஏஐ எழுதிய ஒரு பக்கத்தை அனுப்பி, கொஞ்சம் பாலிஷ் மட்டும் போடுங்கள், அதற்கு என்ன சார்ஜ் என்று கேட்டார்கள். படித்துப் பார்த்தால் டெமரேஜையும் டிடென்ஷனையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருக்கிறது. இலவச நாள் முடிந்தும் கன்டெய்னர் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப் போய்க் காலி கன்டெய்னரைக் கப்பல் கம்பெனிக்கு நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் டிடென்ஷன். கேட்கிற ஆள் வேறு, போடுகிற கணக்கு வேறு. சி.எஃப்.எஸ்ஸின் தரை வாடகை இந்த இரண்டிலும் சேராத தனிக் கணக்கு. முதன்முதலாக இறக்குமதி செய்கிற ஒருத்தர் அந்தப் பக்கத்தை நம்பி பட்ஜெட் போட்டால் பில் வரும் நாளில் என்ன ஆவார்? அந்தப் பக்கம் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல் அழகாக இருந்தது, அதுதான் ஆபத்து. பாலிஷுக்கு ஒரு ரேட், தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தி எழுத ஒரு ரேட் என்றேன். இரண்டாவது ரேட்டைக் கொடுத்தார்கள்.

துறைமுகம் என் கதை. உங்கள் வீட்டில் வேறு இருக்கும். மணலியில் கெமிக்கல் ஆலைக்குப் போகிறவர் இருப்பார், எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் இருப்பார், ஸ்டான்லி மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிற அக்கா இருப்பார். அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டாலே எழுத விஷயம் கிடைக்கும். ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுத முடியும் என்றும் இல்லை, தமிழில் ஆப் விளக்கம், வீடியோ ஸ்கிரிப்ட் என்று கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழுக்குக் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி ஆத்திரம் உண்டு, அதை இன்னொரு பட்டிமன்றத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

சரி, நிரந்தரம். எதிரணி அண்ணன் பெரம்பூர்க்காரர் என்பதால் கேட்கிறேன். இந்த வடசென்னையில் பின்னி மில் வேலையை விட நிரந்தரம் என்று எதைச் சொன்னார்கள்? தாத்தா, அப்பா, மகன் என்று வரிசையாகப் போனார்கள். 1918-இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பேர் வாங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் எழுந்தது. சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியாவோடு நின்று அதை வளர்த்த திரு.வி.க. யார்? பத்திரிகை ஆசிரியர், எழுதிப் பிழைத்த மனிதர். அந்த மில் 1996-இல் மூடப்பட்டது. சங்கம் இருந்தும், சட்டம் இருந்தும், மில்லே போய்விட்டது. ஒரே முதலாளியை நம்பி இருந்தவர்களுக்கு ஒரே நாளில் எல்லாம் போனது. என்னிடம் இன்றைக்கு நாலைந்து கிளையன்ட் இருக்கிறார்கள், ஒருத்தர் கழன்றுகொண்டால் கஷ்டம்தான், ஆனால் சோறு போகாது. இதில் எது நிரந்தரம், நீங்களே சொல்லுங்கள் நடுவர் ஐயா.

வருமானம் ஏறி இறங்கும் என்று சொன்ன எதிரணி அக்காவும் காசிமேட்டுக்காரர்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது என்பது அவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். அதற்காக மீன்பிடித் தொழிலில் முழுநேரம் பிழைக்க முடியாது என்று காசிமேட்டில் போய்ச் சொல்லிப் பாருங்களேன்! வலை பின்னுவார்கள், படகுக்கு பெயின்ட் அடிப்பார்கள், சீசனில் எடுத்து வைத்த காசை எடுப்பார்கள். எனக்கும் மார்ச் முடிந்ததும் பல கம்பெனிகளில் புது பட்ஜெட் வரும்வரை வேலை மந்தம்தான். அந்த நேரத்துக்கான காசை டிசம்பரிலேயே தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் வேலையை விடாதே என்றுதான் என்னிடம் கேட்கிற எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன்.

அண்ணன் தொடாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டிருந்தால் எங்கள் அணிக்குக் கொஞ்சம் வியர்த்திருக்கும். அது வசூல். எழுதிக் கொடுப்பது பாதி வேலை, பணத்தை வாங்குவது மீதி. கட்டுரையை வாங்கி வெப்சைட்டில் போட்டுவிட்டு, அக்கவுன்ட்ஸ் மேடம் லீவு, சார் டூரில் இருக்கிறார், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்த கம்பெனி எனக்கும் வாய்த்தது. அழுது பிரயோஜனம் இல்லை. உத்யம் என்று மத்திய அரசின் பதிவு இருக்கிறது, ஆன்லைனில் இலவசம், ஆதாரும் பேன் நம்பரும் இருந்தால் போதும். எழுத்து வேலையும் சேவைத் தொழில் கணக்கில் வரும். பதிந்த சிறு தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வேலைக்குக் கை வைக்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும், ஏமாந்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பலிக்காது. என் இன்வாய்ஸின் கீழே இப்போது உத்யம் நம்பரும் இந்த 45 நாள் வரியும் இருக்கின்றன. அக்கவுன்ட்ஸ் மேடம் இப்போதெல்லாம் அவ்வளவாக லீவு போடுவதில்லை.

இந்தச் சட்டம் வெளிநாட்டு ஆளிடம் செல்லாது. அங்கே பாதிப் பணம் முன்பணமாக வாங்கு, இல்லையென்றால் பணத்தை முதலிலேயே கட்ட வைக்கிற தளம் வழியாகப் போ. தளம் சும்மா செய்யாது, ஃபைவரில் 100 டாலருக்கு எழுதினால் 20 டாலர் அவர்களுக்கு. ரேட் சொல்லும்போதே அதையும் சேர்த்துச் சொல்லத் தெரியாதவன்தான் மாதக் கடைசியில் பிழைக்க முடியாது என்கிறான்.

சேலரி ஸ்லிப் இல்லையே, யார் லோன் கொடுப்பான், யார் பெண் கொடுப்பான் என்றும் கேட்டார்கள். பெண் விஷயம் எனக்குத் தெரியாது, நானே பெண். லோனுக்கு வருமானவரிக் கணக்கு இருக்கிறது. கம்பெனிகள் நம் பில்லில் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று வரிக்காக முன்கூட்டியே பிடிப்பார்கள், அதைப் பார்த்து எங்கள் வீட்டில் பணத்தைத் திருடிவிட்டான் என்றே நினைத்தார்கள். அது நம் பேன் நம்பரில்தான் போய் உட்கார்ந்திருக்கும், கணக்கு தாக்கல் செய்தால் கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்பி வரும். இரண்டு மூன்று வருஷம் விடாமல் தாக்கல் செய்த காகிதத்தைக் காட்டினால் வங்கி மேனேஜர் உட்காரச் சொல்கிறார். ஜி.எஸ்.டி. பயமும் வேண்டாம், நம்மைப் போன்றவர்களுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. தாண்டினால் எனக்குச் சொல்லுங்கள், பிரியாணி நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும்.

ஒற்றை அறை வீடு, பக்கத்து வீட்டில் டிவி, இதில் எங்கே எழுதுவது என்று கூட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 2024 நவம்பரில் கொளத்தூர் அகரத்தில் முதல்வர் படைப்பகம் என்று அரசே ஒன்று திறந்தது, படிக்கவும் இடம், லேப்டாப் வைத்து வேலை செய்யவும் இடம், அரை நாளுக்கு 50 ரூபாய் என்றுதான் ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. முன்வரிசையில் கவுன்சிலர் இருக்கிறார், அவர் காதிலும் விழட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்று மட்டும் நடுவர் ஐயாவிடம் பதிவு செய்துவிட்டுப் போகிறேன். சற்று முன் டீ குடிக்கப் போனபோது முடியாது அணியில் கடைசியாகப் பேசப் போகிற தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அக்கா, அந்த லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டான். அவன் பேச வரும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.